மலருகிட்ட கமிஷன் வாங்கிக்கோ

கண்ணு, போன ஞாயித்துக்கெழம நீ போன்ல பேசும்போது நான் ‘ம்... ம்...’னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டேன். அம்மாவுக்கு இன்னா கோவமோன்னு நீ நித்யாகிட்ட கேட்டியாம், அவ எனக்கு மெசேஜ் போட்டா. கோவமெல்லாம் இல்லடா. வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு தெரிஞ்சுது. போன்ல அழுதா நீ பயந்துடுவ, அப்பறம் நான் சொல்ல வந்தத வுட்டுட்டு சாப்டியா, மாத்திர போட்டியான்னு என்னையே கேட்டுக்கினு இருப்ப. அழாம சொல்லியிருந்தாலும் சரிம்மா சரிம்மான்னு சொல்லிக்கினே இன்னொரு கையால லேப்டாப்ப தட்டிக்கினு இருப்ப, அதுவும் எனக்குத் தெரியும். கடுதாசின்னா ஒக்காந்து படிச்சுத்தான் ஆவணும். எட்டாவதோட நின்னவ எழுதறது, தப்பு இருந்தா சிரிக்காத.

நீ இன்னா சொன்ன? கல்யாணம் ஆயி ஓசூர் போனதுக்கு அப்பறம் நீயும் நித்யாவும் ஆரமிச்ச ஆன்லைன் வியாபாரம் நல்லா போவுது, எட்டு பொம்பளைங்களோட கைவேலப் பொருள விக்கறோம், எல்லார்கிட்டயும் ஒரு கமிஷன் எடுத்துக்கறோம், மலருகிட்ட மட்டும் ஒரு பைசா எடுக்கறது இல்லன்னு சொன்ன. அவங்க அம்மா உன் கூடைய சும்மா வித்துக் குடுத்தாங்களேம்மா, அந்தப் பொண்ணுகிட்ட நான் எப்பிடி வாங்குவேன்னு என்னையே திருப்பிக் கேட்ட. யாரு கேட்டாலும் நல்ல புள்ளன்னுதான் சொல்லுவாங்க. எனக்கும் ஒரு நிமிஷம் மனசு நெறஞ்சுதான் போச்சு. அதுக்கப்பறந்தான் மலரோட அம்மா சுகந்தி ஞாபகம் வந்துச்சு. மலருகிட்ட கமிஷன் வாங்கிக்கோ கண்ணு. அதச் சொல்லத்தான் இவ்ளோ பெரிய கடுதாசி. ஏன்னு சொல்லாம வாங்குன்னா நீ வாங்க மாட்ட, என் வயித்துல பொறந்தவனாச்சே. அதனால சுகந்தி விஷயத்த முழுசா சொல்லிட்றேன். உனக்குத் தெரிஞ்சது பாதிதான், அப்ப நீ பாலிடெக்னிக்ல படிச்சுக்கினு ஹாஸ்டல்ல இருந்த. உன்ன மாதிரி மத்தவங்க பொருள விக்கறவங்க யாருக்காவது இதக் காட்டணும்னாலும் காட்டு. எனக்கு வெக்கம் இல்ல.

சுகந்தி கோவில்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. எனக்குப் பத்து வயசு சின்னவ. புருஷன் லாரி டிரைவர், மாசத்துல பாதி நாளு ரோட்லதான். நான் வல்லம் வடகால்ல கேன்டீன் வேல பாத்த அதே கம்பெனிக்கு அவ லைன் வேலைக்கு வந்தா. நம்ம தெருவுலயே நாலு வூடு தள்ளி வாடகைக்கு இருந்தா, கூட மலரு, அப்ப சின்னப் பொண்ணு. சுகந்திக்கு ஷிப்ட் மாறும், எனக்கு எப்பவும் காலைலதான். அவளுக்கும் காலை ஷிப்ட் வர்ற வாரமெல்லாம் பென்னலூர் ஸ்டாப்புல ரெண்டு பேரும் ஒண்ணா கம்பெனி பஸ் ஏறுவோம். கடைசி சீட்டுக்கு முந்துன சீட்டு எங்களுது, வேற யாராவது ஒக்காந்திருந்தா சுகந்தி மூஞ்சியப் பாத்தே எழுந்துடுவாங்க. நான் மடியில வயர வெச்சுக்கினு கூட பின்னிக்கினே வருவேன். பஸ்ஸு ஆடற ஆட்டத்துல கூடைய நீ பின்றியா பஸ்ஸு பின்னுதான்னு உங்கப்பா கேலி பண்ணுவாரு. ஒரு நாளு அரக்கும் மஞ்சளும் கலந்து சிவன்கண் முடிச்சு போட்ட கூட ஒண்ணு முடியற நேரம், சுகந்தி அதப் புடுங்கி ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டா. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்து, கேட்ல குடுத்து வெச்ச போன வாங்கிப் பாத்தா மூணு பேரு வெல கேட்டிருந்தாங்க. வெளையாட்டா ஆரமிச்சது. அடுத்த மாசமே கூடைக்குன்னு இன்ஸ்டாகிராம்ல தனிப் பக்கம் போட்டா. போட்டோ எடுக்கறது, கேக்கறவங்களுக்கு பதில் சொல்றது, அட்டப்பொட்டியில கட்டி ஸ்ரீபெரும்புதூர் கொரியர் ஆபீஸ்ல போடறது எல்லாம் அவதான். நான் பின்றதோட சரி.

மொத மாசப் பணத்த அவ என் கையில குடுத்தப்ப, உனக்கு எவ்ளோடி எடுத்துக்கினன்னு கேட்டேன். அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. “என்னக்கா இது, அக்கா தங்கச்சிக்குள்ள கமிஷனா? இன்னொரு தடவ இந்தப் பேச்சு எடுத்தீங்கன்னா எனக்குக் கோவம் வந்துரும்”னா. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல, உனக்குத் தெரியும். அக்கான்னு ஒருத்தி உரிமையா கோவப்பட்டதே எனக்குப் பெரிய விஷயமா இருந்துச்சு. அன்னிக்கு வூட்டுக்கு வந்து உங்கப்பாகிட்ட அதையே திருப்பித் திருப்பி சொல்லிக்கினு இருந்தேன். அவரு செக்யூரிட்டி சட்டையக் கழட்டிக்கினே, நல்ல பொண்ணாத்தான் கீது, இருந்தாலும் எதுனா குட்த்துடுன்னாரு. நான் அவர்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன். உங்களுக்கு மனுஷங்க பாசமே புரியாதுன்னு ஒரு வாரம் குத்திக் குத்திப் பேசுனேன். பாவம், அந்த மனுஷன் அதுக்கப்பறம் கூடையப் பத்தி வாயே தொறக்கல.

இப்ப நான் சொல்றதக் கவனமா படி. ஒருத்தருக்கு சும்மா செஞ்சு குடுத்தா எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியும். மனசு லேசா இருக்கும், நிம்மதியா தூக்கம் வரும். அத வாங்கிக்கறவங்களுக்கு எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெரிய கூடைக்கு சுகந்தி ஒரு வெல போட்டா. வயரு காசு போக என் கையில நிக்கறது ரொம்பக் கம்மி. ஒரு கூட பின்ன ரெண்டு மூணு நாளு ஆவும். இந்த வெலைக்கு என்னால கட்டுப்படி ஆவாது சுகந்தி, கொஞ்சம் ஏத்திப் போடுன்னு சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆனா அவ ஷிப்ட் முடிச்சுட்டு வந்து, தூக்கம் முழிச்சு, எனக்காக யாரோ பெங்களூர்க்காரிக்கு பதில் போட்டுக்கினு இருக்கா, ஒரு ரூபா வாங்காம. அவகிட்ட போயி எப்பிடிச் சொல்றது? முழுங்கிடுவேன். கறுப்பும் வெள்ளையுந்தான் இப்ப ஓடுதுக்கான்னு என்னக் கேக்காம அவளே வயர வாங்கிக்கினு வந்துடுவா. எனக்குக் கறுப்பு வயரே ஆவாது, லைட் வெளிச்சத்துல முடிச்சு தெரியாம கண்ணு எரியும். அதையும் பின்னுனேன். வெள்ளிக்கெழமைக்குள்ள நாலு கூட வேணும்பா. அந்த வாரம் கேன்டீன்ல ஆளு கம்மியா இருக்கும், எனக்கு நிக்க நேரம் இருக்காது. முடியாதுன்னு ஒரு தடவ சொன்னது கெடையாது. அவ கமிஷன் வாங்கறவளா இருந்திருந்தா, போடி, அடுத்த வாரந்தான் தருவேன்னு சிரிச்சுக்கினே சொல்லியிருப்பேன். அவளும் சரிதான் போக்கான்னு போயிருப்பா.

சும்மா வாங்கிக்கினே இருக்கவும் கூசுது இல்ல? அதனால வேற வழியில குடுக்க ஆரமிச்சேன். மீன் கொழம்பு வெச்சா மொத கிண்ணம் அவ வூட்டுக்கு. அவளுக்கு செகண்ட் ஷிப்ட் வர்ற வாரமெல்லாம் மலரு ஸ்கூல் வுட்டு நேரா நம்ம வூட்டுக்குத்தான் வரும். சாப்டும், வீட்டுப்பாடம் எழுதும், என் பக்கத்துல ஒக்காந்து துண்டு வயர எடுத்து முடிச்சு போட்டுப் பழகும். அந்தப் பொண்ணு மேல எனக்கு இருந்தது உசுரான பாசம், அதுல பொய்யே இல்ல. ஆனா ஒரு வருஷம் போனதுக்கு அப்பறம், அது தட்டுல சோறு போடறப்ப மனசுக்குள்ள ஒண்ணு சொல்லும், சுகந்தி செய்றதுக்கு இது சரியாப் போச்சுன்னு. ஒரு கொழந்தைக்குப் போடற சோத்த எதுலயோ கழிக்கற புத்தி எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததில்ல கண்ணு. அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு.

அப்பறம் மலரு பெரிய மனுஷி ஆனா. நாம மஞ்சத்தண்ணின்னு சொல்றத அவங்க ஊர்ல சடங்குன்னுவாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல சின்ன மண்டபமா புடிச்சு விசேஷமா செய்யணும்னு சுகந்திக்கு ஆச. ஒரு நாளு பஸ்ல என் தோள்ல சாஞ்சுக்கினு, “அக்கா, சடங்குக்கு வர்றவுகளுக்குத் தாம்பூலம் ஒங்க கூடையிலதான் போட்டுக் குடுக்கணும். சின்னச் சின்னதா ஒரு நூறு இருந்தாப் போதும், பாத்துக்கிடுங்க”ன்னா. வெலையப் பத்தி அவ பேசல. வயரு யாரு காசுன்னு நானும் கேக்கல. எனக்குள்ள நானே ஒண்ணு முடிவு பண்ணிக்கினேன். நம்ம வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு அவ பெரிய மொய் வெச்சிருந்தா. அதத் திருப்பி செய்ற முறை எனக்கு இருக்கு. சரி, இந்த நூறு கூடதான் என் மொய்யின்னு நெனச்சுக்கினேன். அத அவகிட்ட சொன்னேனான்னு கேட்டா, இல்ல. போயும் போயும் இதையெல்லாம் வாய் வுட்டுச் சொல்லிக்கினு இருப்பாங்களான்னு இருந்துட்டேன்.

சீட்டுப் பணத்த தள்ளி எடுத்து வயரு வாங்குனேன். ரெண்டு மாசம் வேற நெனப்பே இல்ல. பஸ்ல பின்னுவேன், கேன்டீன்ல டீ டைம்ல பின்னுவேன், வூட்ல அடுப்புல ஒல வெச்சுட்டுப் பின்னுவேன். வயர இழுத்து இழுத்து வெரல் மடக்குல எல்லாம் வெடிச்சுப் போச்சு. அந்தக் கையோட போயி கேன்டீன்ல பச்ச மொளகா அரியணும். எரிச்சல் தாங்காம தண்ணியில கைய வுட்டுக்கினே நிப்பேன், சூப்பர்வைசர் வந்து கத்துவான். அந்த நேரத்துல எல்லாம் சுகந்திய மனசுக்குள்ள திட்டுனேன். நல்லா திட்டுனேன். அவ எதுர்ல வந்து, ஆயிடுச்சாக்கான்னு கேட்டா சிரிப்பேன். அவ என் வெரல பாக்கல. பாக்கற மாதிரி நானும் காட்டல.

விசேஷத்தன்னிக்கு நூறு கூடையும் மண்டபத்துல அடுக்கி வெச்சிருந்துச்சு, பாக்கவே அவ்ளோ அழகு. அவங்க ஊர்லேந்து வேன் எடுத்துக்கினு வந்திருந்தாங்க. அவங்க பக்கம் மொய்யின்னா பெரிய முறை, ஒரு மேச போட்டு மைக் வெச்சு ஒவ்வொருத்தரு பேரா சொல்லுவாங்க. நான் அந்த மேசப் பக்கம் போவல, என்னுதுதான் அங்க அடுக்கி இருக்கேன்னு மலருக்கு பூ வெச்சு வுட்டுக்கினு இருந்தேன். சுகந்தியோட மாமியாரு அங்க வந்து, நான் நிக்கறது தெரிஞ்சோ தெரியாமலோ, அக்கா அக்கான்னு உசுர விடுவியே, அவுக ஒண்ணும் செய்யலியோன்னு அவகிட்ட கேட்டாங்க. நான் சுகந்தி மூஞ்சியப் பாத்தேன். இந்தக் கூடையெல்லாம் அக்கா செஞ்சது அத்தேன்னு அவ ஒரு வார்த்த சொன்னாப் போதும். அவ குனிஞ்சு மலரு மால நுனிய சரி பண்ணிக்கினு இருந்தா. தலவலிக்குதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டு, சாப்டாம வூட்டுக்கு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் ரோட்லயே அழுதேன்.

அடுத்த வாரம் பஸ்ல பக்கத்துலதான் ஒக்காந்தா. நாந்தான் பேச்ச ஆரமிச்சேன். நூறு கூட செஞ்சு குடுத்தனே, அத இன்னான்னு நெனச்சன்னு கேட்டேன். அவ என்னப் புரியாம பாத்தா. நெசமாவே புரியாமத்தான் பாத்தா கண்ணு, அது இப்பத் தெரியுது.

“ரெண்டு வருசம் வித்துக் குடுத்தேனேக்கா”ன்னா.

அவ்ளோதான். நான் மொய்யின்னு வெச்ச கூடைய அவ கமிஷன்னு வெச்சிருக்கா. அவ கணக்குல என் மொய் இன்னும் வரல, மாமியாருக்கு அவ இன்னா பதில் சொல்லுவா? என் கணக்குல அவ எங்கிட்ட ஒண்ணுமே எதிர்பாக்கலன்னு ரெண்டு வருஷமா சத்தியம் பண்ணவ. அப்ப அது சும்மா இல்லையான்னு கேட்டேன். கைப்பிடி பிஞ்சு திரும்பி வந்த கூடைக்கெல்லாம் நான்தானக்கா கொரியர் காசு கெட்டுனேன், ஒரு நாளாச்சும் ஒங்ககிட்ட சொன்னேனான்னா. எத்தினி கூட திரும்பி வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது, அன்னிக்குத்தான் கேள்விப்பட்றேன். அந்த இடத்துல நான் வாய மூடியிருக்கணும். “உன் பொண்ணுக்கு ரெண்டு வருஷம் சோறு போட்டேனே, அத நான் சொன்னேனா?”ன்னு கேட்டுட்டேன். பஸ்ல பாதிப் பேரு திரும்பிப் பாத்தாங்க. சுகந்தி பைய எடுத்துக்கினு எழுந்து முன்னாடி போயி கம்பியப் புடிச்சுக்கினு நின்னுக்கினே வந்தா. அன்னிலேந்து அவ முன்சீட்டு, நான் பின்சீட்டு.

யாரு மேல தப்புன்னு ரொம்ப நாளு யோசிச்சேன். அவளும் ஏமாத்தல, நானும் ஏமாத்தல. ரெண்டு பேரும் குடுத்துக்கினேதான் இருந்தோம், ஒருத்திக்கு ஒருத்தி சளைக்காம. எதுக்கு எது ஈடுன்னு மட்டும் பேசிக்கல. மொத மாசமே நூத்துக்கு இருபது எடுத்துக்கறேன்கான்னு அவ சொல்லியிருந்தா நான் பதினஞ்சு வெச்சுக்கோன்னு பேரம் பேசியிருப்பேன், ரெண்டு பேரும் டீ குடிச்சிருப்போம். மீன் கொழம்பு மீன் கொழம்பாவே இருந்திருக்கும். மொய்யி மொய்யா இருந்திருக்கும். அதுக்கப்பறம் அவ பேட்ச்சுக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சு, வேற கம்பெனி மாறி, சேரப்பணஞ்சேரிப் பக்கம் குடி போயிட்டாங்க. போறப்ப மலரு மட்டும் வந்து சொல்லிட்டுப் போச்சு. போன் நம்பரு ரெண்டு பேர்கிட்டயும் இருந்துச்சு. பொங்கலுக்குப் பொங்கல் அவ பேர எடுத்து வெச்சுக்கினு பாப்பேன், அவளே பண்ணட்டும்னு வெச்சுடுவேன். அங்க அவளும் அப்பிடித்தான் பாத்திருப்பான்னு எனக்குத் தோணும்.

ஒரு நாளு காலைல பஸ் டிரைவர் சொன்னாரு, ஒரகடத்துல ஷிப்டுக்குப் போறப்ப ரோடு தாண்டுன பொண்ணு மேல கன்டெய்னர் ஏறிடுச்சு, முன்னாடி நம்ம வண்டியில உங்க பக்கத்துல ஒக்காந்து வந்துக்கினு இருந்த பொண்ணும்மான்னு. எப்பிடி இறங்குனேன், எந்த ஆட்டோ புடிச்சேன் ஒண்ணும் ஞாபகம் இல்ல. சேரப்பணஞ்சேரியில அவ வூட்டு வாசல்ல ஊர்க்காரங்க யாரோ ஒரு அம்மா, நீங்க யாரு தாயின்னு கேட்டாங்க. அக்கான்னு சொல்ல எனக்கு வாய் வரல. இத்தினி வருஷம் பேசாம இருந்துட்டு இன்னா உரிமையில சொல்றது? ஒரே பஸ்ல போவோம்னு சொன்னேன். என் சுகந்திக்கு நான் அவ்ளோதான் ஆயிட்டேன் கண்ணு. மலருதான் உள்ளேந்து பாத்துட்டு பெரியம்மான்னு ஓடி வந்து கட்டிக்கிச்சு. உனக்கு அன்னிக்கு ராத்திரி போன் பண்ணப்ப, தெரிஞ்சவங்க ஒருத்தங்க தவறிட்டாங்கன்னுதான் சொன்னேன்.

இப்ப மலரு விஷயத்துக்கு வர்றேன். முந்தாநேத்து சாயங்காலம் வூட்டுக்கு வந்துச்சு. ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்திருக்கு, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு. நித்யாவுக்கு ஏழாம் மாசம் வளகாப்பு வருதுல்ல, அதுக்குத் தாம்பூலக் கூட எல்லாம் நானே பின்னித் தர்றேன் பெரியம்மா, எத்தினி வேணும்னு கேட்டுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒண்ணு இன்னா வெலடின்னு கேட்டேன். “உங்ககிட்ட காசு வாங்குவனா பெரியம்மா? அண்ணன் எனக்கு சும்மா வித்துத் தர்றாரு. இதுகூட செய்யலன்னா நான் இன்னா மனுஷி?”ன்னுச்சு. பேச்சுதான் நம்ம ஊரு பேச்சு, மூஞ்சியும் ரோஷமும் அப்பிடியே அவங்க அம்மா. நான் டீ போட்டுக் குடுத்துட்டு, வியாபாரம் எப்பிடிடி போவுதுன்னு மெதுவா கேட்டேன். நல்லா போவுதுன்னுதான் மொதல்ல சொல்லுச்சு. தோண்டித் தோண்டிக் கேட்டதுக்கு அப்பறந்தான் வந்துச்சு. பண்டிகைக்கு நீ ஆஃபர்னு வெலையக் கொறச்சுப் போட்டியாமே, அவளக் கேக்காமலே. வயரு வெல ஏறிக் கெடக்குது. அந்த ஆஃபர்ல வித்த ஒவ்வொரு கூடைக்கும் அது கைக்காசு போட்டிருக்கு. அவங்க அப்பா இடுப்பு போயி வண்டி ஓட்டறது இல்ல, வூட்டு வாடகையும் மருந்தும் இந்தப் பொண்ணு சம்பளத்துலதான், கூட காசு அதுக்கு எவ்ளோ முக்கியம்னு யோசி. அண்ணன்கிட்ட சொல்றதுதானேன்னு கேட்டேன். நமக்கு நல்லது செய்றவர்கிட்ட போயி எப்பிடி பெரியம்மா சொல்றதுன்னுச்சு. நித்யாவுக்கு இன்னா கலர் புடிக்கும்னு கேட்டுச் சொல்றேன், அது வரைக்கும் ஆரமிக்காதன்னு பொய் சொல்லி அனுப்பி வெச்சிருக்கேன்.

நீ கெட்டது ஒண்ணும் செய்யல. கமிஷன் வாங்கற மத்த ஏழு பேர்கிட்ட ஆஃபர் போடறதுக்கு முன்னாடி கேட்டிருப்ப, கேட்டியா இல்லையா? மலருகிட்ட மட்டும் கேக்கல. அவளுக்கு நாம சும்மாதானே செய்றோம்னு உனக்கே தெரியாம உள்ளுக்குள்ள ஒரு எண்ணம். சுகந்தி என்னக் கேக்காம கறுப்பு வயரு வாங்கிக்கினு வந்ததும் அதே மாதிரிதான். அவகிட்டயும் கெட்ட எண்ணம் இல்ல.

எவ்ளோ வாங்கணும்னு கேப்ப. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். மொதல்ல மலரு செலவு இன்னான்னு கேளு. வயரு, கைப்பிடி ட்யூபு, ஒரு கூடைக்கு அவ ஒக்கார்ற நேரம். அந்த நேரத்துக்கு ஓ.டி. பாத்தா கம்பெனியில எவ்ளோ குடுப்பான், அதவிட ரொம்பக் கம்மியா அவ கையில நின்னா அந்த வெலையே தப்பு, கமிஷன் பேச்சுக்கே போவாத. வெலைய அவ சொல்லணும், நீ இல்ல. அப்பறம் உன் பாடு. நீயும் நித்யாவும் போட்டோ எடுக்கறீங்க, பதில் சொல்றீங்க, அந்த ஆன்லைன் கம்பெனிக்காரன் வேற ஒரு பங்கு புடிச்சுக்கறான், அட்டப்பொட்டி, டேப்பு, இதெல்லாம் இருக்கு. மத்தவங்ககிட்ட நூத்துக்கு இருபது வாங்கறன்னா மலருகிட்டயும் இருபது சொல்லு. கூட திரும்பி வந்தா பின்னலு தப்புன்னா அவ செலவு, பொட்டி கட்டுனது தப்புன்னா உன் செலவு, இத இப்பவே பேசிடு, வந்ததுக்கு அப்பறம் பேசாத. ஆஃபர் போடணும்னா கேட்டுப் போடு, கொறையறது உன் பங்குலயும் கொறையணும். வளகாப்புக்கு கூட வேணும்னா எல்லாருக்கும் விக்கற வெலைக்கே காசு குடுத்து வாங்கு. நாளைக்கு அவ கல்யாணத்துக்கு நீ கூடப் பொறந்த அண்ணனா முன்னாடி நின்னு செய்யி, உன் மனசு போல செய்யி, நான் வேணாங்கல. ஆனா அத கூடையோட சேக்காத. இந்த ஆஃபர்ல அவளுக்குப் போன காசயும் அவ கைக்குப் போயி சேர்ற மாதிரி பாத்துக்கோ. தானமா குடுக்காத, எங்க மேலதான் தப்புன்னு சொல்லிக் குடு.

உனக்கு இது கஷ்டமா இருக்கும், தெரியும். நீ சும்மா செய்றப்ப நல்லவன், காசுன்னு சொன்னவொடனே வியாபாரி ஆயிடுவோம்னு கூசும். கூசட்டும். உன் நல்ல பேரவிட அந்தப் பொண்ணு உன்கிட்ட வாயத் தொறந்து பேசறது எனக்கு முக்கியம். அம்மா இல்லாத பொண்ணு, இனிமே அதுக்குன்னு இருக்கறது நாமதான். நாமளும் மலரும், நானும் சுகந்தியும் ஆன மாதிரி ஆயிடக் கூடாது கண்ணு, எனக்கு அதத் தாங்கற தெம்பு இல்ல.

படிச்சு முடிச்சதும் மலருக்குப் போன் போடு. நித்யாவையும் பக்கத்துல வெச்சுக்கோ. நூத்துக்கு இருபதுன்னு சொல்லு, சொல்லிட்டு நீ பேசாத. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே வராது. அவசரப்பட்டு நீயே கொறச்சுடாத, காத்துக்கினு இரு. அது ஜாஸ்திண்ணான்னு அவ வாயிலேந்து வரணும். அவங்க அம்மாகிட்ட நான் ரெண்டு வருஷமா சொல்லாம முழுங்குனது அப்பிடி ஒரு வார்த்ததான். அன்னிக்கே சொல்லியிருந்தா சுகந்தி ஒரு நாளு கோச்சுக்கினு இருந்திருப்பா, மறுநாளு பஸ்ல என் பக்கத்துலதான் வந்து ஒக்காந்திருப்பா.

அம்மா